வடக்குச் சுவரோரம் எட்டுக் குச்சிகள்

ஷாவினிகன்
மார்ச் 29, 1993

அன்புள்ள ரோமுவால் மாமாவுக்கு,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். உறையில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம். பயமுறுத்தியிருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

நான் மனோன், கொன்ராடின் மகள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பல்லில் கம்பி போட்டிருந்தேன், யாராவது பேச்சுக் கொடுத்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். கம்பி போய்விட்டது. கூச்சம் அப்படியேதான் இருக்கிறது. போன வருடம் கியூபெக் நகரத்தில் படிப்பை முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று அம்மா அதைச் சமையலறையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். ஆணி அடித்தது அப்பா. இப்போது ஊரிலேயே ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

விஷயம் சின்னதுதான். இந்த வருடம் அர்மானின் பாகுக் கொட்டகையில் நானும் குச்சி நடலாம் என்று இருக்கிறேன். உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் நினைத்தாலே எழுதத் தோன்றுகிறது. மேப்பிள் மரங்களில் சாறு நின்றுபோகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையின் வடக்குச் சுவரோரம் மட்டும் பனி இடுப்பளவு கிடக்கும். அதன்மேல் கொதிக்கிற பாகை ஊற்றி, இறுகுவதற்குள் குச்சியில் சுற்றித் தின்போம். பிறகு அந்தக் குச்சியை நக்கித் துடைத்து, ஹாக்கி அணியின் பெயரை எழுதி, முதல் சுற்றில் மோதும் எட்டு ஜோடிகளில் ஜெயிக்கப் போவது யார் யார் என்று பனியில் நடுவோம். தனியாக நட அர்மான் விடமாட்டார். இரண்டு பேர் சேர்ந்து, எட்டுக்கும் ஒத்துப்போனால்தான் நடலாம். தோற்ற அணியின் குச்சி பாகு காய்ச்சும் அடுப்புக்குப் போகும்.

நீங்களும் அப்பாவும் ஒரு ஜோடி. மற்றவர்கள் கத்திக் கத்திச் சண்டை போடுவார்கள். நீங்கள் இருவரும் நீள மேசையின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்கார்ந்து, காகித ஆலையின் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பேசுகிற மாதிரியே, கையால் சண்டை போடுவீர்கள். பாஸ்டன் என்றால் ஒரு சைகை, வெட்டிப் பேச்சு என்றால் ஒரு சைகை. உங்கள் முன்னால் பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருக்கும். அர்மான் வந்து, "ஏம்ப்பா, ரெண்டு ஊமையும் முடிவு பண்ணீங்களா இல்லையா? அங்க பனி உருகிட்டிருக்கு!" என்று அதட்டுவார். பிள்ளைகள் நாங்கள் மேசைக்கு அடியில் உங்கள் கைகளைப் போலவே செய்து பார்ப்போம். ஒன்றும் புரியாது. இருந்தாலும் அதுதான் எனக்கு வசந்த காலம்.

இந்த முறை மான்ட்ரியலும் கியூபெக்கும் முதல் சுற்றிலேயே மோதும் போலிருக்கிறது என்று ஊரே பேசிக்கொள்கிறது. எனக்கு ஜோடி இல்லை. அப்பாவுக்குக் காது அடியோடு போய்விட்டது. கருவி வாங்கிக் கொடுத்தோம், இரைச்சல்தான் கேட்கிறது என்று அதைச் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

கடிதத்தின் வழியாகவே நீங்கள் என் ஜோடியாக இருப்பீர்களா? வேறு ஒன்றும் வேண்டாம்.

பணிவுடன்,
மனோன்


ஜோன்கியேர்
ஏப்ரல் 2

மனோன்,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. உன் அப்பாவின் கையெழுத்து சம்பளச் சீட்டில் ஒரு பெருக்கல் குறிதான்.

நீ எழுதுவது அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் எனக்கு இது வேண்டாம். தெரியும் என்றால் அவனையே கேட்கச் சொல்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தாய், உனக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ தெரியாது. நடந்தது இதுதான். அந்த வருடமும் இதே இரண்டு அணிகள், இதே முதல் சுற்று. உன் அப்பா மான்ட்ரியல் பைத்தியம். நான் கியூபெக். ஒத்துப்போகாமல் நட முடியாது என்பதால் நான் விட்டுக்கொடுத்தேன். மான்ட்ரியல் குச்சியை நட்டோம். சாயங்காலம் மறந்துபோன கையுறையை எடுக்கக் கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். அங்கே யாரும் இல்லை. குச்சியை மாற்றிவிட்டேன். விளையாட்டுக்குத்தான்.

கியூபெக் ஜெயித்துவிட்டது. கடைசி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், அதுவும் மான்ட்ரியலிலேயே வைத்து. ஊர் முழுக்க உன் அப்பாவின் முதுகில் தட்டியது. "அட கொன்ராட், நீயா கியூபெக்குன்னு சொன்னே? மாதா படத்துக்குப் பக்கத்துல மான்ட்ரியல் சட்டையை மாட்டி வெச்சிருக்கிற ஆளாச்சே நீ!" தோற்றிருந்தால் தாங்கியிருப்பான். ஜெயித்ததுதான் அவனுக்கு அவமானமாகப் போயிற்று. மாற்றியது நான்தான் என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அது தப்போ என்னவோ.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால், அவன் என் கையைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஒருவன் உன் கையைப் பார்க்கவில்லை என்றால் நீ அங்கே இல்லை என்று அர்த்தம். கோடை வரைக்கும் பொறுத்தேன். பிறகு இங்கே வேறு ஆலைக்கு வந்துவிட்டேன்.

சமாதானம் பேசுவதற்காக எழுதுகிறாய் என்றால் நேரடியாகச் சொல். சுற்றி வளைக்காதே.

ரோமுவால்

டெட்ராய்ட் டொரன்டோவைச் சப்பிப் போட்டுவிடும். இதை நான் உன் ஜோடியாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.


ஷாவினிகன்
ஏப்ரல் 6

அன்புள்ள ரோமுவால் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் வைத்துப் படித்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து ரொட்டியில் பாகு தடவிக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்வது சரியில்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. அதனால் அவருடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "ரோமுவால் மாமா எழுதியிருக்கார்!" என்று கத்தினேன். நான் கத்தி அம்மாவே கேட்டதில்லை. பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அப்பா மெதுவாகத்தான் நிமிர்ந்தார். காது போன பிறகு தன் குரல் தனக்கே தெரியாமல் உரக்கப் பேசுகிறார்.

"அவனா? அவன் கையைக் கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டான்."

"யாருங்க?" என்று அம்மா உதட்டைப் பெரிதாக அசைத்துக் கேட்டாள்.

"ரோமுவால்தான். திங்கட்கிழமை நான் பார்த்தேன். கை பையில. செவ்வாய்க்கிழமை பார்த்தேன். பையில. பேசப் பிடிக்காதவன்கிட்ட நான் எதுக்குப் போய்ப் பல்லை இளிக்கணும்?"

"அவர் என்னடான்னா நீங்க பார்க்கவே இல்லைங்கறார்!" என்று கடிதத்தைக் காட்டி நான் கத்தினேன்.

"என்னது?"

"பார்க்கலையாம்! நீங்க!"

"சூப்பா? வேணாம், வயிறு நிறைஞ்சிருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பி, "பதினோரு வருஷம். ஒருத்தன் பார்க்கலையாம், இன்னொருத்தன் காட்டலையாம். ரெண்டையும் சேர்த்து அந்த அடுப்புல போட்டிருக்கணும்" என்றாள். மன்னியுங்கள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. எழுதிக் காட்டலாம் என்றால் அப்பாவுக்கு எழுத்து வராது. பதினொரு வயதில் மரம் வெட்டப் போனவர். நான் படித்த இத்தனை வருடப் படிப்பில் அவரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு உதவுகிற மாதிரி எதுவும் இல்லை. சனிக்கிழமைகளில் ஹாக்கி பார்க்கும்போது மட்டும் அவர் கைகள் முழங்காலின் மேல் தானாக அசைகின்றன. யாரும் பார்க்காத இடத்தில் யாரிடமோ பேசுகிற மாதிரி. நான் பார்த்தால் நிறுத்திக்கொள்கிறார்.

சமாதானம் பேசுகிறேனா என்று கேட்டீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை மாமா. ஜோடிதான் கேட்கிறேன்.

டொரன்டோவைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெட்ராய்ட் கோல்கள் குவிக்கும், சரி. ஆனால் டொரன்டோ இந்த வருடம் பின்தங்கிய பிறகும் கலங்காமல் ஆடுகிறது. அடிவாங்கிவிட்டு எழுந்து நிற்கிற அணி அது. ஏழாவது ஆட்டம் வரை இழுத்து ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. நீங்கள் சும்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள், நான் சும்மா சொல்லவில்லை.

மற்ற ஏழையும் நீங்கள் சொல்லுங்கள். பதினெட்டாம் தேதி ஞாயிறு மதியம் நடுகிறோம். அன்று இரவே முதல் ஆட்டம்.

மனோன்


ஜோன்கியேர்
ஏப்ரல் 13

மனோன்,

கூச்ச சுபாவம் என்று எழுதினாய். டொரன்டோ விஷயத்தில் அது எங்கே போயிற்று? சரி, உன் டொரன்டோவை நட்டுக்கொள். அடுப்பில் எரியும்போது என்னை நினைத்துக்கொள்.

மற்றவை. பிட்ஸ்பர்க் யாரோடு மோதினாலும் பிட்ஸ்பர்க். இதற்குக் கண் தெரிந்தால் போதும். சிகாகோவும் அப்படித்தான், எதிரில் யார் வந்தாலும் சிகாகோ. பாஸ்டனுக்கு எதிரே பஃபலோ வந்தால் பாஸ்டன், அதில் பேச்சே வேண்டாம். கால்கரி. வான்கூவர். வாஷிங்டன். இவற்றில் ஒன்று பிசகினாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

ஈஸ்டர் அன்று தனியாக உட்கார்ந்து பன்றி இறைச்சி சாப்பிட்டபோது உன் கடிதத்தை நினைத்தேன். கை பையில் இருந்தது என்று அவன் சொன்னது உண்மைதான். திங்கட்கிழமை காலை அவன் முகத்தைப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. கை தானாகப் பைக்குள் போய்விட்டது. நான் போட்டதால் அவன் பார்க்கவில்லையா, அவன் பார்க்காததால் நான் போட்டேனா, இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

எட்டாவது குச்சி. மான்ட்ரியலை நடு.

நான் மான்ட்ரியல் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. கியூபெக் ஐந்தே ஆட்டத்தில் முடித்துவிடும், எழுதி வைத்துக்கொள். இங்கே தெருவில் வீட்டுக்கு வீடு கியூபெக் அணியின் நீலக் கொடி, என் வீட்டிலும்தான். ஆனால் போன முறை வாயால் ஒத்துக்கொண்டு கையால் மாற்றினேன். இந்த முறை எழுதிக் கொடுக்கிறேன். கொட்டகைப் பக்கம் வரமாட்டேன், அதனால் மாற்றவும் முடியாது.

ரோமுவால்


ஷாவினிகன்
ஏப்ரல் 21

அன்புள்ள ரோமுவால் மாமாவுக்கு,

நட்டுவிட்டேன். இந்த வருடம் பனி குறைவு, முழங்காலுக்குத்தான் இருந்தது, மேலே ஊசியிலைகள் உதிர்ந்து அழுக்காகியிருந்தது. அர்மான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜோடி எங்கம்மா?"

"கடிதத்துல இருக்கார்."

"கடிதம் வந்து குச்சி நடுமா?"

உங்கள் கையெழுத்தைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மீசை விஷயத்தை உரக்கப் படித்ததில் கூட்டமே சிரித்தது. என் காது சிவந்துவிட்டது. எட்டாவதுக்கு வந்ததும் அர்மான் சிரிப்பை நிறுத்தினார். "ரோமுவாலா? ரோமுவால் மான்ட்ரியலைச் சொன்னானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நடும்மா" என்றார்.

அப்பாவும் வந்திருந்தார். பல வருடமாகக் கொட்டகைக்கு வந்தாலும் அவர் சுவர்ப் பக்கம் வருவதில்லை, உள்ளே அடுப்பருகே உட்கார்ந்துகொள்வார். அன்று வந்து நின்றார். எட்டுக் குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அணிகளின் பெயர்கள் அவருக்குப் படம் மாதிரிப் பழக்கம், எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. மான்ட்ரியல் குச்சியைத் தொட்டு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்துச் சிரித்தார். நான் நட்டதாக நினைத்துக்கொண்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "ரோமுவால்" என்று உதட்டைப் பெரிதாக அசைத்தேன். புரியவில்லை. அர்மான் வந்து கைவிரலால் தன் மேலுதட்டில் பெரிய மீசை வரைந்து காட்டினார்.

புரிந்தது. அப்பா குச்சியின் பக்கம் திரும்பினார். பிறகு கையுறையைக் கழற்றினார். வலது கையை மூடி, நெஞ்சுக்கு நேராக வைத்து, சாவி திருப்புகிற மாதிரி இரண்டு முறை திருப்பினார். அப்புறம் உள்ளங்கையை விரித்து மெல்லக் கீழே அழுத்தினார். எங்களைப் பார்த்துச் செய்யவில்லை. குச்சியைப் பார்த்துச் செய்தார். அர்மானுக்கும் என்னவென்று தெரியவில்லை, அவர் ஆலையில் வேலை பார்த்ததில்லை. கேட்டால் அப்பா கையுறையை மாட்டிக்கொண்டு, "குளுருது, உள்ள போலாம்" என்று சொல்லிவிட்டார்.

அது என்ன சைகை மாமா? தெரிந்தால் எழுதுங்கள்.

மான்ட்ரியல் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தெருவில் காரில் ஹாரன் அடித்திருப்பார்கள். டொரன்டோவும் இன்று இரவு தோற்றால் இரண்டு. அதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம்.

மனோன்


ஜோன்கியேர்
ஏப்ரல் 27

மனோன்,

மீசையை எடுத்துவிட்டேன். பாஸ்டனும் சிகாகோவும் நாலே ஆட்டத்தில், ஒன்றுகூட ஜெயிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பலிபீடமே! வசவுக்கு மன்னித்துக்கொள். கண்ணாடியில் என் அண்ணன் மாதிரி இருக்கிறேன், எனக்கு அவனைப் பிடிக்காது. உன் டொரன்டோ இப்போது மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் நிற்கிறது. ஒன்றும் சொல்லாதே.

மான்ட்ரியலும் அப்படியே. இரண்டு தோற்று, மூன்று ஜெயித்தாயிற்று. நேற்று கூடுதல் நேரத்தில் கோல் விழுந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் நாற்காலியை உடைத்தான். நான் துக்கமாக இருக்க வேண்டியவன். நானும் துக்கமாகத்தான் இருந்தேன், ஆனால் முழுசாக இல்லை. உன் அப்பா அந்த நேரம் என்ன செய்திருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கூட்டத்தின் சத்தம்கூடக் கேட்காதே.

அந்தச் சைகை. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆலைக்கு நாங்கள் என் காரில் போய் வருவோம். வேலை முடிந்தால் நான் உடனே கிளம்புகிற ஆள். உன் அப்பா கை கழுவவே அரை மணி நேரம் எடுப்பான், நகக்கண்ணில் ஒரு துளி காகிதக் கூழ் இருக்கக் கூடாது. அதனால் தினமும் சங்கு ஊதுவதற்கு முன் இயந்திரத்தின் அந்தக் கோடியிலிருந்து காட்டுவான். சாவி, அப்புறம் கை கீழே. வண்டியை எடுக்காதே, இரு, நானும் வருகிறேன். விட்டுவிட்டுப் போய்விடாதே. அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் கடைசி நாள் நான் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தேன். காட்டினானா என்று தெரியாது.

நீ கேட்டதற்காகச் சொல்கிறேன், இதை வைத்து ஏதும் கட்டாதே. குச்சியிடம் காட்டியது குச்சிக்குத்தான். யாரும் கூப்பிடாத வீட்டு வாசலில் போய் நிற்கிற வயது எனக்கு இல்லை.

ரோமுவால்


ஷாவினிகன்
மே 2

அன்புள்ள ரோமுவால் மாமாவுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. கால்கரியும் வாஷிங்டனும் அடுப்பில். பிட்ஸ்பர்க், வான்கூவர், மான்ட்ரியல் பிழைத்தன. நேற்று இரவு ஏழாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், டொரன்டோவும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள், சொல்லவில்லை. எட்டில் நாலு. அர்மானும் அவர் மனைவியும் ஐந்து சரியாகச் சொல்லியிருந்தார்கள். நாம் தோற்றோம்.

புதன்கிழமை இரவு மான்ட்ரியல் ஆறாவது ஆட்டத்தை ஜெயித்துக் கியூபெக்கை வெளியேற்றியதை அப்பாவோடு பார்த்தேன். தெருவெல்லாம் கத்தல். அவர் கத்தவில்லை. எழுந்து, சன்னலுக்குப் போய், வெளியே காரை நிறுத்துகிற இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, என் தலையைத் தடவிவிட்டு, "உன் ஜோடி நேர்மையான ஆளும்மா" என்றார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

நீங்கள் சைகைக்குச் சொன்ன அர்த்தத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும் என்றால் அவர் வெட்கப்படுவார்.

வடக்குச் சுவரோரம் பனி உருகிவிட்டது. குச்சிகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, அர்மான் பொறுக்கிவிட்டார். இரண்டாவது சுற்றுக்கு யாரும் நடுவதில்லை. அதனால் உங்களுக்கு எழுத எனக்கு இனி ஒரு சாக்கும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். நான்காவதில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜோடி வேண்டும் என்று நான் எழுதவில்லை. அலுவலகத்தில் என் கூட வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் ஜோடியாக வரத் தயாராகத்தான் இருந்தார்கள்.

கூப்பிடாத வீடு என்று எழுதியிருந்தீர்கள். அப்பா உங்களைக் கூப்பிடச் சொன்னார் என்று ஒரு வரி எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் அவர் சொல்லவில்லை, பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரால் தொலைபேசியில் பேசவும் முடியாது, கடிதம் எழுதவும் முடியாது. இந்த வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் கூப்பிடுகிறேன். இது என் வீடும்தான் இல்லையா?

வருகிற சனிக்கிழமை இரவு ஆட்டம் இருக்கிறதோ இல்லையோ, அப்பா எப்படியும் தொலைக்காட்சி முன்னால்தான் இருப்பார். லா துக் வழியாக வந்தால் சாலை இப்போது காய்ந்துவிட்டது. வாசல் கதவைத் தட்ட வேண்டாம், கேட்காது, அம்மா திறந்து வைத்திருப்பாள். உள்ளே வந்ததும் நாற்காலியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள் மாமா. அவர் உங்கள் கைகளைப் பார்க்க வேண்டும். எதிரில் உட்காருங்கள்.

மனோன்